வழிமொழிய ஒருவர்

நகர மன்றத்தில் இருபத்து நான்கு நாற்காலிகள். ஜன்னலோரக் கடைசி இரண்டில் ஒன்று அவருடையது. பக்கத்து நாற்காலி இரண்டரை ஆண்டுகளாகக் காலி.

அவர் கெட்டுப்போன மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டுபவர். கடைத்தெருக் கோடியில் ஷட்டர் போட்ட ஒற்றை அறை. செப்புக் கம்பி, வார்னிஷ் நெடி. ஐந்து வருடங்களுக்கு முன்னால், பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருக்கும் நாணல் குட்டையில் கட்டட இடிபாடு கொட்ட வந்த லாரியின் முன்னால் போய் உட்கார்ந்தார். அவர் தெருக்காரர்கள் அவரைத் தேர்தலில் நிறுத்தினார்கள். ஜெயித்தார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் தவளைக் கவுன்சிலர். மன்றத்தில் பேச எழுந்தால் பின்வரிசையில் யாராவது தவளை மாதிரி கத்துவார்கள். முதல் வருடம் கோபம் வந்தது. இப்போதெல்லாம் அந்தச் சத்தம் வராவிட்டால், கத்துகிற ஆளுக்கு உடம்பு சரியில்லையோ என்று திரும்பிப் பார்க்கிறார்.

மன்றத்தில் ஒரு தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய வேண்டும். இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆள் இல்லையென்றால் அது விவாதத்துக்கே வராது. தலைவர் கேட்பார்: "வழிமொழிய யாராவது?" மின்விசிறி நான்கைந்து முறை சுற்றும். "இல்லை. அடுத்தது." இரண்டரை ஆண்டுகளில் முப்பத்தொரு தீர்மானங்கள் இப்படிப் போயின. அந்த நேரத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் மேசையைப் பார்க்க அவர் பழகியிருந்தார்.

அதற்கு முன்னால் பக்கத்து நாற்காலியில் டீச்சர் இருந்தார். எட்டாவது வார்டு. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். லாரி முன்னால் அவரும்தான் உட்கார்ந்தார். இருவரும் ஒரே துண்டறிக்கையில் படம் போட்டு, ஒரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வீடு வீடாக ஓட்டுக் கேட்டார்கள். அவர் முன்மொழிந்ததை டீச்சர் வழிமொழிவார். டீச்சர் முன்மொழிந்ததை அவர். தோற்றாலும் விவாதம் நடந்தது.

எட்டாவது வார்டுக்குக் குடிநீர்க் குழாய் இல்லை. மூன்றாம் வருடத் தொடக்கத்தில் டீச்சர் எழுந்து தலைவர் பக்கத்து வரிசையில் போய் உட்கார்ந்தார். நான்கு மாதத்தில் குழாய் வந்தது. திறப்பு விழாவில் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கித் தவளைக் கவுன்சிலர் சொன்னார்: "இந்தத் தண்ணியைக் குடிக்கிறவங்க, இதோட விலை என்னன்னு டீச்சரைக் கேளுங்க." எட்டாவது வார்டுப் பெண்கள் குடங்களோடு நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் கை தட்டவில்லை. அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது தேர்தல் தேதி வந்துவிட்டது. பழைய மன்றத்தின் கடைசிக் கூட்டம் இன்று. குட்டையை நிரப்பி பஸ் நிறுத்துமிடம் ஆக்கும் வேலை நாளை தொடங்குகிறது. அதை நிறுத்திவைக்கக் கோரும் அவரது தீர்மானம் பதினேழாவது பொருள். ஜெயிக்க வேண்டியதில்லை. ஒருவர் வழிமொழிந்தால் போதும். விவாதம் முடியும்வரை வேலையைத் தொடங்கக் கூடாது என்பது விதி. விதிப்படி விவாதம் அடுத்த கூட்டத்துக்குப் போகும். அடுத்த கூட்டம் புதிய மன்றம். ஒரு கை. அவ்வளவுதான்.

அந்த ஒரு கைக்காகப் பதினைந்து நாட்களாக உறுப்பினர்கள் வீட்டுக்கு நடந்தார். தலைவரையும் டீச்சரையும் தவிர இருபத்தொரு பேர். ஒருவர் குளித்துக்கொண்டிருந்தார், அரை மணி நேரம் கழித்தும் குளித்துக்கொண்டிருந்தார். ஒருவர், "மனசு உங்க பக்கம்தான் அண்ணா, கைதான் தலைவர் பக்கம்" என்றார். ஒருவர் டீ கொடுத்து, குட்டையில் கொசு எவ்வளவு என்று ஒரு மணி நேரம் பேசினார்.

கூட்டத்துக்குக் கிளம்பும்போது மனைவி போன் செய்தாள். மகளுக்குப் பிரசவம் என்று ஒரு மாதத்துக்குப் போனவள். பதினோரு மாதம் ஆகிறது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. ஓட்டுப் போட வருவேல்ல?"

"வந்தா உங்களுக்குத்தான் போடணும்னு ஏதாவது சட்டம் இருக்கா?"

"வீட்டுல இருக்கிற ஒரே ஓட்டும் போச்சா."

அவள் சிரித்தாள். குழந்தை எதையோ கீழே தள்ளியது. பிறகு கேட்டாள்: "எல்லாரையும் கேட்டாச்சா?"

"ஆச்சு."

"டீச்சரை?"

"அவங்க அந்தப் பக்கம்."

"பக்கம் என்னங்க பக்கம். எழுந்து நாற்காலி மாத்தி உக்காந்தாங்க. அவ்ளோதானே."

"நீ அங்க இருந்துட்டு ஈசியா சொல்ற."

"நான் அங்க வீட்டுல இருந்தப்பவும் இதைத்தான் சொன்னேன்."

போன வாரம் டீச்சர் வீட்டு கேட் வரை போயிருந்தார். உள்ளே வெளிச்சம் தெரிந்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அதை மனைவியிடம் சொல்லவில்லை.

கூட்டம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. இரண்டு இருபதுக்கு அவர் போன் அதிர்ந்தது. அவர் எண் வார்டு முழுக்கச் சுவரில் எழுதியிருக்கிறது. எந்த நேரமும் எடுப்பேன் என்று சொன்னவர்; எடுப்பார். நடைபாதைக்குப் போய்ப் பேசினார்.

"சார், தையல்காரம்மா பேசறேன். நம்ம சந்துல கழிவுத் தண்ணி இறைக்கிற மோட்டார் நின்னுடுச்சு. தண்ணி வாசப்படி ஏறுது. மாமியாருக்குக் கட்டில்ல இருந்து கால் கீழ வைக்க முடியல."

"ஆபீசுக்குச் சொன்னீங்களா?"

"நாளைக்கு வரேன்னாங்க. நாளைக்கு வந்தா எங்களைப் படகுலதான் பார்க்கணும்."

அவர் கதவு வழியாக உள்ளே பார்த்தார். இரண்டாவது பொருள் ஓடிக்கொண்டிருந்தது. பதினேழாவது பொருள் நான்கு மணி டீக்கு முன்னால் வந்ததே கிடையாது. வந்தால்தான் என்ன? தலைவர் கேட்பார். மின்விசிறி சுற்றும். அவர் மேசையைப் பார்ப்பார்.

சைக்கிளை எடுத்தார்.

சந்தில் கறுப்புத் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே நின்றது. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு மோட்டார் தொட்டிக்குப் போனார். சுவிட்ச் போட்டதும் மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. கண்டென்சர் வீங்கிப்போயிருந்தது. கடைக்குப் போய்ப் புதியது எடுத்து வந்து மாற்றினார். அப்போதும் சுற்றவில்லை. தொட்டிக்குள் இறங்கி பம்பைக் கழற்றினார். உள்ளே விசிறியைச் சுற்றி ஒரு முழுப் போர்வை நூல் நூலாகச் சிக்கியிருந்தது. கத்தியால் அறுத்து எடுத்தார்.

"இது யாரோட போர்வை?" என்று கேட்டார்.

"குளிர் தாங்காம மோட்டாரே போத்திக்கிச்சு போல" என்றாள் தையல்காரி. சந்தே சிரித்தது. மோட்டார் ஓடியது. தண்ணீர் வாசற்படியை விட்டு இறங்குவதை எல்லோரும் நின்று பார்த்தார்கள். யாரோ சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்கு மனசு லேசாக இருந்தது.

மூன்று நாற்பதுக்கு மன்றத்துக்குத் திரும்பினார். வாசலில் ஒரு வண்டிகூட இல்லை. மண்டபத்தில் மின்விசிறிகள் நின்றிருந்தன. பதிவு எழுத்தர் மட்டும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிடுச்சா?"

"மூணு மணிக்கே முடிஞ்சிடுச்சு சார். எல்லாருக்கும் ஓட்டுக் கேக்கப் போற அவசரம். மூணுல இருந்து பதினாறு வரைக்கும் மொத்தமா நிறைவேத்திட்டாங்க."

"பதினேழு?"

எழுத்தர் பேனாவை மூடினார். "உங்க வார்டு நம்பரைச் சொல்லித் தலைவர் ரெண்டு தரம் கூப்பிட்டார். நீங்க இல்ல. டீச்சர் எழுந்து, 'நான் வழிமொழியறேன்'னாங்க."

அவர் எழுத்தரின் மேசைக்குக் கிட்டே வந்தார்.

"எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. தலைவர் சிரிச்சுக்கிட்டே, 'முன்மொழியவே ஆளக் காணோம், நீங்க எதை வழிமொழியறீங்க? வேணும்னா நீங்களே முன்மொழிங்க'ன்னார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். டீச்சர், 'சரி, முன்மொழியறேன்'னாங்க. அப்புறம் என்ன பண்றது, தலைவர் கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"வழிமொழிய யாராவதுன்னு."

எழுத்தர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். மை காய்ந்திருந்தது. *பொருள் 17. முன்மொழிந்தவர்: எட்டாவது வார்டு உறுப்பினர். வழிமொழிந்தவர்: இல்லை. கைவிடப்பட்டது.*

"உங்க சைக்கிள் வருதான்னு அந்தம்மா ஜன்னலைப் பார்த்துக்கிட்டே நின்னாங்க சார். தலைவர் உக்காருங்கன்னு சொல்ற வரைக்கும்."

அவர் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகச் சைக்கிள் நிறுத்துமிடம் தெளிவாகத் தெரிந்தது. எழுத்தர் சாவிக்கொத்தை எடுக்கும்வரை அங்கேயே இருந்தார்.

டீச்சர் தன் தெருவில்தான் இருந்தார். கையில் துண்டறிக்கைக் கட்டு. கூட யாரும் இல்லை. காலையில் வேறொரு வேலையாக இந்தத் தெருவைக் கடந்தபோது ஏழெட்டு இளைஞர்களும் ஒரு ஒலிபெருக்கி வண்டியும் இருந்ததை அவர் பார்த்திருந்தார்.

சைக்கிளிலிருந்து இறங்கினார். இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"எங்க, ஆளுங்கள்லாம்?"

"தலைவர் போன் போட்டார். வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார் டீச்சர். "போறப்போ பாட்டை நிறுத்தக்கூட இல்ல. என்னை ஜெயிக்க வைங்கன்னு பாடிக்கிட்டே போச்சு."

அவர் சிரிக்கவில்லை. டீச்சரும் சிரிக்கவில்லை.

"எங்க போயிருந்தீங்க அண்ணா?"

"சந்துல கழிவு மோட்டார் நின்னுடுச்சு."

"ஓடுதா?"

"ஓடுது."

டீச்சர் தலையாட்டினார். கட்டுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். டீச்சருடையது அல்ல, அவருடைய துண்டறிக்கை. தேர்தல் நேரத்தில் அச்சகத்தில் இடம் கிடைக்காது என்று பத்து நாட்களுக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்தது. *குட்டைக்காக மன்றத்தில் தனியாக நின்றேன். ஒருவர்கூட வழிமொழியவில்லை.*

"இன்னிக்குக் காலையில பேப்பருக்குள்ள இருந்துச்சு" என்றார் டீச்சர். "கூட்டம் ரெண்டு மணிக்கு."

"நாளைக்குத்தான் போடச் சொல்லியிருந்தேன். பேப்பர்காரன்..."

"நாளைக்குப் போட்டிருந்தா?"

அவர் தாளை வாங்கி மடித்தார்.

"இருபத்தொரு பேர்கிட்ட கேட்டீங்களாம். கொட்டாவி விடறதுக்குன்னே மன்றத்துக்கு வர்றவரைக்கூடப் பார்த்தீங்களாம். என் வீட்டு கேட்டைத் திறக்க முடியலையா?"

"நீங்க அந்தப் பக்கம் போனதால..."

"எங்க தெருவுக்குத் தண்ணி வேணும். போனேன். இன்னிக்கும் போவேன்." டீச்சர் குரல் உயரவில்லை. வகுப்பில் பேசுகிற மாதிரிதான் பேசினார். "குட்டையை நான் எப்போ விட்டேன்? நீங்க கொண்டுவந்த ஒவ்வொரு தடவையும் இவரு என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டாரான்னு இருந்தேன். நீங்க மேசையையே பார்த்துக்கிட்டு நிப்பீங்க."

ஒரு வீட்டுக்காரர் பால் பாத்திரத்தோடு வெளியே வந்தார். இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"பாதியைக் குடுங்க" என்றார் அவர். "அந்த வரிசையை நான் பார்க்கறேன்."

டீச்சர் கட்டை மார்போடு பிடித்துக்கொண்டார். "வேண்டாம். சேர்ந்து போனா ரெண்டு பேரும் பேசி வச்சு ஆடின நாடகம்னு சொல்வாங்க. நீங்க உங்க வார்டைப் பாருங்க."

"டீச்சர்."

"போங்க அண்ணா. எனக்கு இன்னும் நாலு தெரு இருக்கு."

டீச்சர் அடுத்த கேட்டைத் திறந்து உள்ளே போனார். அவர் சைக்கிளோடு தெருவில் நின்றார். அந்த வீட்டில் டீச்சர் சொன்னது எதுவும் தெருவுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டெப்போவின் பின்பக்கக் கதவைத் திறந்தார்கள். முதல் லாரி பின்னோக்கி வந்து கல்லும் மண்ணும் கொட்டியது. காவலுக்கு இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். அவர் வேலி ஓரத்தில் நின்றார். நாணல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நீர்க்கோழி ஒன்று தண்ணீரை விட்டு வெளியே வந்து, மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி தண்ணீருக்குள் போனது. இரண்டாவது லாரி வந்தது. போலீஸ்காரர்களில் ஒருவர் அவரை அடையாளம் கண்டு, "இன்னிக்கு உக்காரலையா சார்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. மன்றத்தில் கைவிடப்பட்டது, எழுத்தில் இருக்கிறது, உட்கார்ந்தால் தூக்கிப் போடுவார்கள், லாரி ஓட்டுபவருக்கு அரை மணி நேரம் ஓய்வு கிடைக்கும். "இல்ல" என்றார்.

அங்கிருந்து நேராக வார்டுக்குப் போனார். துண்டறிக்கை எடுத்துக்கொள்ளவில்லை. முதல் தெருவின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினார். கதவைத் தட்டினார். திறந்தவரிடம் சொன்னார்:

"நேத்து பேப்பர்ல நான் போட்டது தப்பு. குட்டைக்காக டீச்சர் எழுந்து நின்னாங்க. எட்டாவது வார்டு டீச்சர். அவங்களுக்குத்தான் யாரும் வழிமொழியல. நான் அங்க இல்ல."

சிலருக்குப் புரியவில்லை. ஒருவர், "வழிமொழியறதுன்னா?" என்று கேட்டார், விளக்கினார். ஒருவர், "இதைச் சொல்லவா காலங்காத்தால வந்தீங்க? குப்பை வண்டி மூணு நாளா வரல" என்றார், குறித்துக்கொண்டார். ஒருவர், "அப்போ உங்களுக்கு எதுக்கு சார் ஓட்டுப் போடணும்?" என்றார்.

"அது உங்க இஷ்டம்."

பதினோரு மணிக்குச் சந்துக்கு வந்தார். தரை காய்ந்து கறுப்புக் கறை மட்டும் இருந்தது. தையல்காரி கதவைத் திறந்தபடியே வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்வதைக் கேட்டு மெஷினை நிறுத்தினாள்.

"நாங்க கூப்பிட்டதாலயா சார்?"

"இல்லம்மா. யாரும் எழுந்திருக்க மாட்டாங்கன்னு நான் முடிவு பண்ணிட்டதால."

"அந்த டீச்சர் எந்த வார்டுன்னீங்க?"

"எட்டு."

"எனக்கு அங்க ஓட்டு இல்லையே."

"தெரியும்மா" என்றார். டெப்போ பக்கமிருந்து இன்னொரு லாரி கொட்டும் சத்தம் வந்தது. அது அடங்கும்வரை வாசலில் நின்றுவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.