திரையில் அடங்காத மாப்பிள்ளை

1

இந்தக் கதை என் தலையில் உதித்தது என்று சொன்னால் என்னோடு மூட்டை தூக்கும் பஷீர் சிரிப்பான். நான் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்ததில் கிடைத்தது. தண்டையார்பேட்டை குடோனில் மதியச் சோறு முடிந்து, உளுந்து மூட்டைகளில் நாங்கள் சாய்ந்திருந்தோம். எங்கள் கூட்டாளி ஜெயவேலின் கையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு வீடியோ கேம் கருவி. அதன் திரையில் ஒரு முகம். அந்த முகம்தான் கதை.

முதல் வரிதான் வரவில்லை.

வங்கக் கடலின் அலைகள் ஆர்ப்பரிக்க, துறைமுகத்தின் சங்கு— (குடோனுக்குள் கடல் ஏது? பக்கத்து குடோனின் சுவர்தான் தெரியும்.)

ஜெயவேல் ஒரு கடின உழைப்பாளி. (உழைக்காதவனை மேஸ்திரி எதற்கு உள்ளே விடுகிறார்?)

ஷாலு காதலித்தாள். (நல்ல வரி. ஆனால் இதை முதலில் போட்டால் அவள் அப்பன் ஜெயவேல் இரண்டாவது வரிக்கு வரமாட்டான்.)

அடித்த வரிகளை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். நான் எழுத்துக் கூட்டப் பழகியதே மீசையில் நரை விழுந்த பிறகு. ஒவ்வொரு வரியும் மூட்டை தூக்குகிற மாதிரிதான் வருகிறது. தூக்கி வந்ததைக் குப்பையில் போட மனசு வரவில்லை.

2

குடோனுக்குள் செல்ஃபோன் கொண்டுபோகக் கூடாது. சரக்கைப் படம் பிடித்து வெளியே அனுப்பிவிடுவோமாம். வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். கேம் கருவிக்குக் கேமரா கிடையாது; அதனால் அதற்குத் தடையும் கிடையாது. ஜெயவேல் அதை பர்மா பஜாரில் வாங்கியிருந்தான். மேலேயிருந்து விழும் கட்டைகளைச் சந்து விடாமல் அடுக்கும் ஆட்டம் ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். காலையெல்லாம் மூட்டை அடுக்குகிறவன் ஓய்வு நேரத்திலும் அடுக்குகிறானே என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அங்கே எவனும் சீக்கிரம் சீக்கிரம் என்று கத்துவதில்லை என்பான்.

ஷாலு அவன் ஒரே மகள். ராயபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். தனக்குப் பிடித்த பையனின் படத்தை அப்பனிடம் காட்ட, பல நாளாக ஃபோனை நீட்டிக்கொண்டிருந்தாள். ஜெயவேல் ஒரு நாள் கண்ணாடி இல்லை என்பான், ஒரு நாள் கண் எரிகிறது என்பான், ஒரு நாள் சும்மாவே தூங்கிவிடுவான். பார்த்துவிட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

நைனா தப்பாமல் பார்க்கிற திரை ஒன்றுதான் உண்டு என்று ஷாலுவுக்குப் புரிந்தது. கேம் கருவியை ஆன் செய்ததும் கம்பெனிப் படம் ஒன்று கொஞ்ச நேரம் நின்று மறையும். மெமரி கார்டில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு, அதே பெயரில் நம் படத்தைப் போட்டால் நம் படம் வரும். ஷாலு குடும்பப் படமாகப் பார்த்து எடுத்தாள். தனியாக ஒரு பையனைக் காட்டினால் நைனா முகம் கோணும். அம்மா அப்பாவோடு நின்றால் மனசு இளகும். கல்யாண மண்டபத்து வாசலில் எடுத்த படம். இந்தப் பக்கம் அம்மா ரமாபாய், அந்தப் பக்கம் நீலச் சட்டையில் பையன் சித்தார்த், நடுவில் அப்பா பீம்ராவ்.

ஜெயவேலுக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். படம் பெரிதாக இருந்தால் அந்தக் கருவி சுருக்கிக் காட்டாது. நடுவில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடும்.*

* ஷாலு ஒரு தடவை ஆன் செய்து பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "பஸ்ஸு வந்துட்ச்சிண்ணா" என்றாள். அந்த பஸ் வராமலிருந்தால் கதையே இல்லை.

அன்று காலையில் அவள் அப்பனிடம் சொன்னது இவ்வளவுதான்: "மத்தியானம் கேம் போடச்சொல்ல அவரு படம் வரும், பாத்துக்கோ நைனா. புடிக்கலன்னா ஒரு ஃபோன் போடு. சாய்ங்காலம் பொண்ணு பாக்க வர்றவங்கள வேணான்னு சொல்லிட்றேன். ஃபோன் வரலன்னா சரின்னு எடுத்துக்குவேன்."

3

ஜெயவேல் கருவியை ஆன் செய்தான். வெள்ளை மீசை, ஏறிய நெற்றி, காதில் முடி என்று திரை நிறைய பீம்ராவ் வந்தார். அவர் மறைந்து கட்டைகள் விழத் தொடங்கின. ஜெயவேல் கட்டைகளைத் தொடவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டான். மறுபடியும் அதே மீசை. இப்படியே போட்டுப் போட்டு பேட்டரியில் பாதியைத் தீர்த்தான்.

பஷீர் எட்டிப் பார்த்து, யாரு மாமு, உன் தோஸ்தா என்று கேட்டான்.

"மருமவன்" என்றான் ஜெயவேல்.

மூட்டைகளின் மேல் படுத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள். கருவி கை மாறிக் கை மாறிப் போனது. பஷீர்தான் ஆறுதலாக எதையாவது சொல்லப் பார்த்தான்.

"மூஞ்சி களையாத்தான் கீது மாமு. பென்ஷன் வேற வரும்போல."

பிறகு அவனே திரையின் ஓரத்தைக் காட்டி, இங்கே ஒரு நீலச் சட்டைக் கை தெரிகிறதே என்றான். ஜெயவேல் காதில் வாங்கவில்லை. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அட்டியாக அடுக்கிய மூட்டைகளில் நடு மூட்டையில்தான் சரக்குக்காரரின் மார்க் அடித்திருக்கும். நடுவைப் பார்த்து லாட்டு மொத்தத்தையும் ஏற்றுவோம். ஓரத்து மூட்டையைப் புரட்டிப் பார்க்கிறவனை மேஸ்திரி வேலைக்கே ஆகாதவன் என்பார்.

"ஓரம் இன்னாத்துக்கு பஷீரு? மார்க்கு நடுவுலதான்" என்றான் ஜெயவேல்.

4

எழுந்து வாசலுக்குப் போனான். டோக்கனைக் கொடுத்து ஃபோனை வாங்கினான். ஷாலுவின் எண்ணை எடுத்துவைத்துக்கொண்டு நின்றான்.

இந்த இடத்தில் கதையை நான் வேறு பக்கம் தள்ளிப் பார்த்தேன். ஜெயவேல் ஃபோனில் கத்துகிறான், ஷாலு மருந்துக் கடையில் அழுகிறாள், வருகிறவர்கள் பாதி வழியில் திரும்புகிறார்கள். நன்றாகத்தான் வந்தது. படித்துக்காட்டியபோது பஷீர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆனால் ஜெயவேல் அப்படிச் செய்யவில்லை. அவனைக் கத்தவைக்க எனக்கு—

(இந்த வரியை முடிக்கத் தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

வாசலில் நின்றபடி அவன் கணக்குப் போட்டதெல்லாம் வேறு. அந்த ஆள் வந்தால் மாமனாரான தான் உட்கார்ந்திருக்கலாமா, எழுந்து நிற்க வேண்டுமா? பேர் சொல்லிக் கூப்பிடலாமா? குடிக்கிற வயதைத் தாண்டியிருப்பான், அது ஒரு நல்லது. முழங்கால் வலி இருக்கும். இரண்டு பேரும் ஒரே தைலத்தை வாங்கிப் பாதிப் பாதி தேய்த்துக்கொள்ளலாம். ஷாலு எதையும் அவசரப்பட்டுக் கேட்டதில்லை. ஒரு ஜதை செருப்பு வாங்கக்கூட நாலு கடை ஏறி இறங்குகிறவள். அவள் இந்தக் கிழவனிடம் ஏதோ கண்டிருக்க வேண்டும். அது என்ன என்றுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

பேசாமலே ஃபோனை செக்யூரிட்டியிடம் திருப்பிக் கொடுத்தான்.

ஒரு அப்பன் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வானா என்று எனக்கே சந்தேகம். ஜெயவேலிடம் கேட்டேன். "சுலபம்னு எவன் சொன்னது?" என்றான். அதுவும் சரிதான். அன்று பிற்பகல் அவன் போட்ட அட்டி சரிந்தது. அவன் கை வைத்த அட்டி சரிந்து அதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

5

வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு மாடி வீடு. லிஃப்ட் உண்டு, ஓடாது. ஜெயவேல் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணியம்மா* கிண்டிய கேசரியின் வாசனையோடு படி ஓரம் காத்திருந்தான். பீம்ராவ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். ஜெயவேல் நாலு படி இறங்கிப்போய் அவர் கையைப் பிடித்தான். தாங்கித் தாங்கிக் கூட்டிவந்து, இருந்த ஒரே நாற்காலியில் புதுத் துண்டை விரித்து உட்காரவைத்தான்.

 * கண்ணியம்மா ஜெயவேலின் மனைவி. கேசரியைச் சொல்கிறவன் கிண்டினவளைச் சொல்லமாட்டானா என்று கோபித்துக்கொண்டாள். சொல்லிவிட்டேன்.

"இப்டி மூச்சு வாங்குதே, டாக்டராண்ட காட்னீங்களா? பொண்ணு சின்னப் பொண்ணு. நீங்க இன்னும் ரொம்ப காலம் நல்லா இருக்கணும்" என்றான்.

பீம்ராவ் ஜெயவேலின் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். சம்பந்தம் பேசப் போன எந்த வீட்டிலும் அவர் மூச்சை யாரும் விசாரித்ததில்லையாம்.

அதற்குள் ரமாபாய் ஏறி வந்துவிட்டாள். நேராக வந்து பீம்ராவின் நெற்றி வேர்வையைத் தன் முந்தானையால் துடைத்து, மாத்திரை போட்டாயா என்று அதட்டினாள். இவுங்க யாரு என்று ஜெயவேல் கேட்டான். என் சம்சாரம் என்றார் பீம்ராவ்.

ஜெயவேல் மெதுவாக அடுப்படிக்குள் போனான்.

"அந்தாளுக்குப் பொண்டாட்டி கீது" என்றான் ஷாலுவிடம்.

"பின்ன, பொண்டாட்டி இல்லாமயா புள்ள பொறந்துச்சி?"

"புள்ள வேற கீதா?"

ஷாலு அப்பன் முகத்தைப் பார்த்தாள். அவன் சாப்பாட்டுப் பையைத் துழாவி, கருவியை எடுத்து ஆன் செய்தாள். பீம்ராவ் வந்தார், மறைந்தார். அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டாள். பிறகு அந்தச் சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"நைனா, இவருன்னு நெனச்சுமா நீ ஃபோன் போடல?"

ஜெயவேல் கேசரிச் சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எனக்குப் புடிக்கல. உனக்குப் புடிச்சிகீதே."

6

வாசலில் பழத்தட்டோடு ஒரு பையன் நின்றிருந்தான். கீழே வண்டி நிறுத்த இடம் தேடியதில் அவனுக்குத் தாமதம். ஜெயவேல் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். நீலச் சட்டை. மதியத்தில் திரையின் ஓரத்தில் கிடந்த அதே சட்டை. பிறகு மேலிருந்து கீழ்வரை பார்த்தான். மகளின் பக்கம் சாய்ந்து, காதோடு காதாகச் சொன்னான்.

"ரொம்ப சின்னப் பையனா கீறானே ஷாலு. அவுரே பரவால்ல."

இதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதில் ஒருவர் சொல்வது ஒருவருக்கு ஒத்துவரவில்லை. நைனா அங்கேயே சரி என்று சொல்லிவிட்டார் என்கிறாள் ஷாலு. தான் எதுவும் சொல்லவே இல்லை, கேசரி மட்டும்தான் சாப்பிட்டேன் என்கிறான் ஜெயவேல். சித்தார்த் அந்தப் படத்தைச் சுருக்கிப் போட்டுக் கொடுத்தான் என்பது மட்டும் நிஜம். இப்போது மூன்று பேரும் முழுசாகத் தெரிகிறார்கள், எறும்பு அளவுக்கு. மதியத்தில் ஜெயவேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்துவிட்டுத்தான் கட்டை அடுக்குகிறான்.

பஷீருக்குக் கல்யாணச் சாப்பாட்டோடு முடிக்க வேண்டும். கண்ணியம்மாவுக்குக் கேசரியோடு. நான் எதையும் எழுதப்போவதில்லை. ஜெயவேல் சரி என்று சொன்னானா இல்லையா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இப்படி விட்டது பிடிக்கவில்லை என்றால் எனக்கு ஒரு ஃபோன் போடுங்கள். பகல் முழுக்க அது வாசலில் செக்யூரிட்டியிடம்தான் இருக்கும். ஃபோன் வரவில்லை என்றால், சரி என்று எடுத்துக்கொள்வேன்.