முத்திரை விழுந்த முட்டைகள்

1966 ஈஸ்டர் முடிந்த பத்தாம் நாள், ராயபுரத்தில் அடைக்கலமேரி வீட்டுக் கோழி சர்க்கார் முத்திரையோடு முட்டை இட்டது. ஓட்டின் மேல் ஊதா வட்டம். அதற்குள் ‘பரிசோதிக்கப்பட்டது’ என்ற எழுத்து. தெருவில் யாரும் வாய் பிளக்கவில்லை. ஏற்கெனவே நாற்பத்தோரு பேர் அதே முத்திரையை நெற்றியில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். சோப்புக்கும் அது போகவில்லை, சீயக்காய்க்கும் போகவில்லை.

காரணம் தெரிந்தவர் இறைச்சி இன்ஸ்பெக்டர் ஸ்டானிஸ்லாஸ் ஒருவர்தான். அறுத்த ஆட்டின் ஈரலைக் கீறிப் பார்த்துவிட்டுத்தான் தொடையில் முத்திரை குத்த வேண்டும். பதினாறு வருடம் ஒழுங்காகத்தான் குத்தினார். ஆனால் தவக்காலம் நாற்பது நாளும் கறியைத் தொடாத பக்திமான் அவர். ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை காலை, ஆடு அறுக்கும் ஆடுதொட்டியில் வரிசையாகத் தொங்கிய ஈரல்களைப் பார்த்ததும் பாழாய்ப்போன நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. ஆசைப்படுவதே பாவமென்று பயந்து, மனுஷன் கண்ணை இறுக மூடிக்கொண்டு முப்பது ஆட்டுக்கும் குத்தித் தள்ளிவிட்டார். அதில் ஒன்று சீக்கு ஆடு. ஈஸ்டர் விருந்து தின்ற தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. நாற்பத்தோரு பேர் நெற்றியில் முத்திரையோடு எழுந்தார்கள். அடைக்கலமேரியின் புருஷன், கிரேன் ஓட்டும் லியோனார்ட், எழுந்திருக்கவில்லை. முத்திரையோடுதான் அடக்கம் செய்தார்கள்.

விசாரிக்க மூன்று ஆபீஸிலிருந்து வந்தார்கள். கொக்கியில் தொங்கும்வரைதான் கறி எங்கள் பொறுப்பு, வயிற்றுக்குள் போனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் பாடு என்றது கார்ப்பரேஷன் ஆபீஸ். செத்தவர் எங்களிடம் வரவே இல்லையே என்றது ஆஸ்பத்திரி. கால்நடை ஆபீஸ், அந்த விருந்தின் எலும்பைக் கொத்திய கோழியைத் தூக்கிப் பார்த்து, நோயில்லை என்று எழுதிக்கொண்டது. முட்டையைக் காட்டியபோது, அதற்கு ஆபீஸே கிடையாது என்று சொல்லிவிட்டது. எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவர் ஸ்டானிஸ்லாஸ். அவரை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டார்.

கோழியின் குஞ்சுகளும், குஞ்சுகளின் குஞ்சுகளும் முத்திரையோடே இட்டன. சர்க்கார் பார்த்த முட்டையாம் என்று எர்ணாவூரிலிருந்தெல்லாம் ஆள் வந்ததால் அடைக்கலமேரியின் அடுப்பு அணையவில்லை. ஸ்டானிஸ்லாஸும் தினம் ஒன்று வாங்குவார். தின்ன தைரியமில்லாமல் கடலில் போட்டுவிடுவார். கறியை அவர் அதற்குப்பின் தொடவே இல்லை. வெட்கம் அவரை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது. ஆறு வருடம் கழித்து, இன்னொரு பெரிய சனிக்கிழமை, அவளுடைய முட்டைக் கூடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“நான் அன்னிக்கு ஈரலப் பாக்கலம்மா. கண்ண மூடிக்கினு குத்திட்டேன்.”

அவள் கையிலிருந்த முட்டையைக் கூடையில் வைத்தாள்.

“எங்க வூட்டுக்காரரு வாணாம்னுதான் சொன்னாரு சார், ஒரு மாரி நாத்தம் வருதுன்னு. நாந்தான், முத்திர கீதுய்யா, தைரியமா துன்னுன்னு ஊட்டி வுட்டேன். ஆறு வருசமா நாந்தான் கொன்னுட்டேன்னு நெனச்சிக்கினு கீறேன்.”

பிறகு ஓர் அவித்த முட்டையை உரித்து நீட்டினாள். “துன்னு.”

அவர் அங்கேயே உட்கார்ந்து, அவள் பார்க்கப் பார்க்கத் தின்றார். மறுநாள் ஈஸ்டர் பூசையில், முட்டை தின்ற வேறு யாருக்கும் வராத ஊதா வட்டம் அவர் நெற்றியில் இருந்தது. நெற்றியில் முத்திரை இருந்தவர்கள், அவரும் தங்களோடு உட்கார இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.