ரௌனி பாட வைத்த குருவி

பறவைக் காலில் வளையம் மாட்டுகிறவர்களுக்குள் அப்படி என்ன வஞ்சம் என்று கேட்பவர்கள் எங்கள் தீவில் ஒரு வசந்தம் இருந்து பார்த்ததில்லை.

ரௌனி என் பக்கத்து வீட்டுக்காரி. அவளும் தைஸ்தோவும் தீவு முனையிலிருக்கும் பறவைக் கணக்கெடுப்புக் கூடத்தில் ஒன்றாகவே வேலை செய்து தலை நரைத்தவர்கள். மே மாதம் குருவிகள் கடலைத் தாண்டி வந்து, களைப்பில் முதல் புதரிலேயே இறங்கும். வலை விரித்துப் பிடித்து, எங்கே போகிறது என்று பின்னால் தெரிய எண் போட்ட வளையம் மாட்டி, எடை பார்த்து விட்டுவிடுவார்கள்.

ஒரு காலை ரௌனி தனியே போனபோது வலையில் செந்தொண்டைக் குருவி கிடந்தது. சைபீரியாவில் கூடு கட்டி, குளிருக்கு அசாம் பக்கம் போகிற பறவை. வழி தப்பினாலொழிய எங்கள் பின்லாந்தை எட்டிப் பார்க்காது. அவள் கை படுவதற்குள் நழுவிவிட்டது. படம் இல்லை, சாட்சி இல்லை.

அரிய பறவைகளைச் சரிபார்க்கும் குழுவில் தைஸ்தோ வைத்ததுதான் சட்டம். கூடத்தில் எல்லார் முன்னாலும் காப்பியை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான்.

"அது சாதாரண செம்மார்புக் குருவி, ரௌனி. யார் வீட்லயோ லிங்கன்பெரி ஜாமைத் திருடித் தின்னிருக்கும். அதான் தொண்டையெல்லாம் சிவப்பு."

அன்றிலிருந்து தீவில் அவள் பெயர் ஜாம் ரௌனி. படகுத்துறையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் கூடத்துக்குப் போவதை நிறுத்தினாள். என்னிடம் மட்டும் சொன்னாள்:

"அவன் மூக்கு ஊரறிய உடையணும்."

"கையால உடைக்கப் போறியா?"

"அவன் காதாலயே உடைக்கிறேன் பாரு."

அடுத்த ஜூனில், தைஸ்தோவின் சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்குப் பின்னால், வாய்க்கால் ஓரத்து வில்லோப் புதரில், உள்ளங்கையளவு ஒலிபெருக்கியை ஒளித்துவைத்தாள். அதில் செந்தொண்டையின் பாட்டு. தைஸ்தோ வேர்வையோடு வெளியே வந்து படியில் உட்காரும் நேரம் பார்த்து, வேலிக்கு வெளியே நின்று கைபேசியால் பாட விடுவாள். முதல் மாலையே அவன் துண்டோடு வாய்க்காலில் இறங்கிவிட்டான். மறுநாள் நாடு முழுக்கப் பறவை பார்க்கிறவர்களுக்குச் செய்தி அனுப்பினான்.

சனிக்கிழமை சாயங்காலம் கடையில் அவன் கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ரெண்டு இருக்கு! ஒண்ணுக்கு ஒண்ணு பதில் பாடுது!"

ரௌனியிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கிழவனுக்கு எதிரொலி வேற கேக்குது!"

ஞாயிறு முதல் படகிலேயே கூட்டம் தொலைநோக்கிகளோடு வந்து இறங்கியது. தைஸ்தோ நல்ல சட்டை போட்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றான். பாட்டு கேட்டதும் எல்லாரும் மூச்சை அடக்கினார்கள். ரௌனி நேரே நடந்துபோய், புதருக்குள் கைவிட்டு, பெட்டியை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"இதுதான் உங்க செந்தொண்டை. எனக்குக் கண்ணு தெரியலன்னு சொன்னவனுக்குக் காது எப்படிக் கேக்குதுன்னு பாத்தீங்களா?"

பெட்டியை அணைத்தாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தைஸ்தோவின் முகம் சாம்பலாகிவிட்டது.

அப்போது புதர் பாடியது.

ரௌனி கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். அது அணைந்தேதான் கிடந்தது. உச்சிக் கிளைக்கு ஒரு குருவி ஏறி வந்து, சிவந்த தொண்டையை உப்பிக்கொண்டு மறுபடியும் பாடியது. வழி தப்பி வந்தது, இங்கே ஒரு எதிரி பாடுகிறான் என்று நம்பித் தங்கிவிட்டிருக்கிறது.

"அம்மா, கொஞ்சம் குனியுங்க, மறைக்குது" என்றான் பின்னாலிருந்த ஒருவன்.

குனிந்தாள். குனிந்த இடத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. குருவியின் இறகு சிலிர்த்து, நெஞ்செலும்பு துருத்தி நின்றது. இரை தேடாமல் பெட்டியோடு சண்டை போட்டே மெலிந்திருந்தது. பெட்டியை வாய்க்காலில் எறிந்தாள்.

தைஸ்தோ பக்கத்தில் வந்தான். "போன வருஷமும் நீ பார்த்திருப்பே."

"சத்தமாச் சொல்லு."

சொன்னான்.

"அவங்க பக்கம் திரும்பிச் சொல்லு."

திரும்பிச் சொன்னான். ஒருவர்கூடக் கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்கவில்லை. ரௌனி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இவ்வளவு காலம் காத்திருந்தது இதற்காகவா?

குருவி இரண்டு நாள் புழு பொறுக்கித் தின்றுவிட்டுக் கிளம்பிப் போனது. இலையுதிர் காலத்தில் தைஸ்தோ குழுவிலிருந்து விலகினான். ரௌனியின் பழைய பதிவை ஏற்றுக்கொண்டார்கள். அவள் மறுபடி கூடத்துக்குப் போகிறாள். அவனோடு மட்டும் பேச்சு கிடையாது.

"இன்னுமா ஆறலை?" என்று கேட்டேன்.

"அவன் சொன்னது யார் காதுல விழுந்துச்சு? ஜாம்னு சொன்னப்ப மட்டும் தீவுக்கே கேட்டுச்சே."