கொத்திய சுவர்

மேற்குத் தாம்பரம் வாசகசாலையை 1934-இல் ரயில்வே குமாஸ்தாக்கள் சிலர் சேர்ந்து கட்டினார்கள். தேக்கு உத்தரங்கள்மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. கடுக்காய்ச் சாறு சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சுவர். படிப்பவர் மேசையில் வெயில் விழாமல் வெளிச்சம் மட்டும் இறங்கும்படி உயரத்தில் ஜன்னல்கள். அதை இடித்து வாகன நிறுத்தம் கட்ட முடிவாகியிருந்தது. பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்ந்தால்தான் தப்பும். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியரும் வாசகர் வட்டச் செயலாளருமான லாசரஸ் அதற்காக ஆறு வருடம் மனு எழுதினார்.

பட்டியலை முடிவு செய்யும் குழு ஆய்வுக்கு வருவதாகக் கடிதம் வந்தபோது, முழங்கால் அறுவை முடிந்து ஊரப்பாக்கத்தில் மகள் வீட்டில் படுத்திருந்தார். பொருளாளர் பட்டாபிராமனுக்குப் போன் செய்தார். "ஆபீசர் வராங்க. இடம் நீட்டா இருக்கணும், பார்த்துக்கோங்க."

மூன்று வாரம் கழித்து, ஆய்வு நாளன்று, கைத்தடியுடன் ஆட்டோவில் வந்து இறங்கினார். உள்ளே சுவரில் மார்பளவுக்கு வெள்ளை டைல்ஸ். அதற்கு மேல் சிமெண்ட் பூசி ரோஸ் பெயின்ட். கூரையே தெரியாமல் ஃபால்ஸ் சீலிங்.

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சார் சொல்லல," என்றார் பட்டாபிராமன். "காலனியில ஒருத்தர் விடாம பணம் குடுத்தாங்க. இனிமே பாழடைஞ்ச பில்டிங்னு எவனும் சொல்ல முடியாது."

"எங்க வீட்டுக்காரர் மட்டும் பாத்ரூம் மாதிரி இருக்குன்னார்," என்றாள் நூலகர் அருள்மேரி. "அவருக்கு எதுதான் புடிச்சிருக்கு."



பத்தரை மணிக்கு, குழு அனுப்பிய கட்டடக்கலை நிபுணர் சின்மயி வந்தார். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"டைல்ஸ்தானே மேடம், எடுத்துடலாம்," என்றார் லாசரஸ் அவசரமாக. "ஒரு வாரம் குடுங்க. பழைய சுவர் உள்ள அப்படியே இருக்கும்."

சின்மயி, அந்த வேலையைச் செய்து முடித்து ஓரமாக நின்ற மேஸ்திரி சுகுமாரைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க மேடம் இருக்கும்?" என்றான் அவன். "கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்துச்சு அந்தச் சுவரு. அதுல சிமெண்ட் நிக்குமா? நாலு பேரு எட்டு நாள் கொத்துனோம். செங்கல் தெரியற வரிக்கும் எடுத்தாச்சு."

"உத்தரம்?"

"அத்தயும் கழட்டி இரும்பு குடுத்துட்டோம். ஸ்ட்ராங்கா கீது."

சின்மயி நோட்டை மூடினார். "சார், உங்க மனுவில இருந்த போட்டோக்களைப் பார்த்துட்டு, சிபாரிசு பண்ற முடிவோடதான் வந்தேன். இப்ப நான் எதைக் காட்டி எழுதறது?"

அவர் கார் கிளம்பும்வரை லாசரஸ் வாசலில் நின்றார். உள்ளே காலனிக்காரர்கள் இருபது பேர் இஸ்திரி போட்ட சட்டையில் காத்திருந்தார்கள்.

"என்ன சொன்னாங்க சார்? புடிச்சிருந்ததாமா?" என்றார் பட்டாபிராமன்.

லாசரஸ் அவரைப் பார்க்கவில்லை. "அருள்மேரி," என்றார். "நம்மகிட்ட இருக்கிற புஸ்தகத்தையெல்லாம் யாராவது எடுத்துப்பாங்களான்னு இன்னைக்கே விசாரிக்க ஆரம்பிம்மா."

டீ ஊற்றிக்கொண்டிருந்த அருள்மேரி பிளாஸ்கைக் கீழே வைத்தாள்.