தள்ளுபடிக்குக் கீழே

நாற்பத்தோராயிரத்து அறுநூற்று முப்பது ரூபாய். பட்டறையில் கேஸ் வெடித்து வெல்டரான அவனுக்குக் கண் போன வகையில் மருத்துவமனைக்கு வைத்த பாக்கி அது. பட்டறைக்காரர் கையை விரித்துவிட்டார். இரண்டு வருடத் தவணையில் வெல்டிங் மிஷின் போயிற்று, மனைவியின் வளையல் போயிற்று. இன்றைக்குக் கடைசித் தவணை.

நாற்பது வயதில்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றான். பத்து வருடம் ஆசைதீரப் படிப்பதற்குள் கண் போய்விட்டது. இப்போது போன்தான் அவனுக்காக வாசிக்கிறது. விரல் பட்ட இடத்தில் இருப்பதை ஒரு பெண்குரல் சொல்லும். மனைவிக்குக் கண் உண்டு, எழுத்து தெரியாது. "ரெண்டு பேரையும் சேத்துத் தச்சா ஒரு முழு ஆளு தேறும்" என்பாள்.

மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் 'கட்டணத் தள்ளுபடி' என்று ஒரு வரி இருப்பது முதல் மாதமே அவனுக்குத் தெரியும். குரல் அதைச் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குத் தாவிவிடும். அன்று அவளைக் கேட்டான்.

"அதுக்குக் கீழ ஏதாச்சும் எழுதியிருக்கா, பாரு."

"ஒண்ணுமில்லீங்க. ஓரத்துல சின்னதா ஒரு அம்பு மாதிரி இருக்கு."

"அது அழகுக்குப் போட்டிருப்பான். தள்ளுபடியாம் தள்ளுபடி! வெறும் சட்டியக் கவுத்து வச்சிருக்கானுங்க."

இன்று பக்கத்தைத் திறந்தபோது குரல் கூடுதலாக ஏதோ சொன்னது. "கட்டணத் தள்ளுபடி. பொத்தான். மூடியுள்ளது."

விரல் நின்றது. மூடியிருக்கிறதென்றால் உள்ளே என்னவோ இருக்கிறது. இரண்டு தட்டுத் தட்டினான். "திறந்துள்ளது." காய்கறி விலை சொல்வதுபோலக் குரல் வாசித்தது: வேலையிடத்தில் விபத்துக்குள்ளானவர்களுக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி. வீடு திரும்பிய ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

உதவி எண்ணுக்கு அடித்தான். எடுத்த பையன் பில் நம்பரை வாங்கிப் பார்த்தான்.

"அது எப்பவும் அங்கதானே சார் இருக்கு? அமுக்குனா விரியுமே."

"அமுக்கற எடம்னு போன் சொல்லவேயில்லியே தம்பி."

"கண்ணு தெரியாதவங்க யாரோ கம்ப்ளெயின்ட் குடுத்தாங்களாம். போன மாசந்தான் சரி பண்ணாங்க." கொஞ்சம் தயங்கினான். "உங்களுக்கு வருஷம் தாண்டிருச்சு சார்."

"கட்டியாச்சா?" என்றாள் மனைவி, செருப்பை மாட்டியபடி. மாடிப்படி துடைக்கும் வேலை. இந்தக் கடனுக்காகவே பிடித்தது.

கட்டினான். "நிலுவை பூஜ்யம்" என்றது குரல்.

"ஆச்சு."

"அப்பாடா! விட்டது சனியன்."

அவன் விரல் அந்த வரிக்கே திரும்பிப் போனது. மூடியுள்ளது. திறந்துள்ளது. படியில் அவளுடைய செருப்புச் சத்தம் இறங்கித் தேய்ந்தது. மூடியுள்ளது.