மூக்குக்குப் பூ கட்டிப் பார்த்தது

ரோகினியின் மூக்கைக் கெடுத்தது எல்லை தாண்டிப் போய்ச் செய்துகொண்ட மலிவு ஆபரேஷன். உள்ளே வைத்த சிலிக்கான் ஐந்தே மாதத்தில் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. மலேசியாவில், லுக்குட் பக்கத்து எஸ்டேட்டில் அவளிடம் தலையைச் சாய்க்காமல் பேசும் ஆளில்லை. தையில் கல்யாணம். ரெம்பாவ் ஊர் மாப்பிள்ளை யோகேந்திரனுக்குச் சிங்கப்பூரில் வேலை. வீடியோ காலில் ஃபில்டர் போட்ட மூக்கை மட்டுமே பார்த்தவன்.

சிரம்பான் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஒரு வருஷம் ஆகாம மறுபடி கத்தி வைக்க முடியாது. ஃபில்லர் ஊசி போட்டா கோணல் மறையும். ஆனா இது அறுத்த மூக்கு. ரத்தக் குழாய் அடைச்சா தோல் கறுத்துப் போகும், கண்ணே போனாலும் போகும். நான் போட மாட்டேன்."

"போடுறதுக்கு எங்கிட்ட ஆள் இருக்கு லா," என்றாள் சித்தி புஷ்பவள்ளி. சிரம்பான் பக்கம் லோபாக்கில் புருவம் திருத்தும் கடை வைத்திருப்பவள். "மத்தியானம் போட்டா சாயங்காலம் மாப்ளயப் பாக்கலாம்."

டாக்டரும் தங்கையும் முரண்பட்டதில் அம்மா மயிலம்மாள் குழம்பிப் போனாள். இந்தக் குடும்பத்தில் அப்படிப்பட்ட கேஸ் மேல்கோர்ட்டுக்குப் போகும். மேல்கோர்ட், செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் முனியாண்டி கோயில்.

பூசாரி சன்னாசி வாழையிலையில் இரண்டு பொட்டலம் கட்டினார். சிவப்பு அரளி வந்தால் காத்திருந்து ஆபரேஷன், வெள்ளை வந்தால் ஊசி. அரிவாளோடு நிற்கும் சாமியிடம் கத்தியா ஊசியா என்று கேட்கலாமா என்று யாரும் யோசிக்கவில்லை.

மயிலம்மாள் ஒன்றை எடுத்தாள். சிவப்பு.

"சாமி இப்பத்தான் முழிச்சிருக்கு. இன்னொருக்கா எடு அக்கா," என்றாள் சித்தி.

மறுபடி சிவப்பு.

"ஒன் கை சரியில்ல. நவுரு."

சித்தி எடுத்தாள். வெள்ளை.

"பாத்தியா! முனியாண்டி வாயத் தொறந்துட்டாரு!"

ரோகினி பூசாரியிடம் திரும்பினாள். "மாமா, ஊசி போட்டுக் கண்ணு போச்சுன்னா சாமி திருப்பிக் குடுப்பாரா?"

"அத டாக்டருகிட்டக் கேளும்மா."

"கேட்டாச்சு. போடாதன்னாரு."

ஃபில்டரை எடுத்துவிட்டு யோகேந்திரனுக்கு வீடியோ கால் போட்டாள். அம்மா ஃபோனைப் பிடுங்க வந்தாள். திரையில் அவன் உறைந்துபோனான். லைன் கோளாறு என்று சொல்ல முடியாது, பின்னால் காற்றாடி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னா மூக்கு இது?"

"ஆபரேஷன் கோணிக்கிச்சு. இன்னும் ஏழு மாசத்துக்கு இப்படித்தான். இந்த மூக்கோட தையில தாலி கட்டுறீங்களா, நேராவுற வரைக்கும் தள்ளி வைக்கட்டா?"

"எங்கம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

"ஒங்களுக்கு முப்பது வயசாச்சு. ஒங்க கண்ணால பாத்துச் சொல்லுங்க."

வைத்துவிட்டாள். சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். "கல்யாணம் நின்னா யாருடி பொறுப்பு?"

"நின்னா நிக்கட்டும் சித்தி. கண்ணு போச்சுன்னா, கல்யாணம் நின்னதக்கூட எவளாவது சொல்லித்தான் எனக்குத் தெரியணும்."