கரையேறினால் ஒன்று

எண்பத்து நாலு திட்டங்கள். பணமோ இருபதுக்குத்தான் இருந்தது. எந்த இருபது என்று ஆளாளுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் சாலைத் துறை அலுவலகத்தில் வேலை பார்த்த அவள் அந்தக் கணினி நிரலை எழுதினாள். ஒவ்வொரு சாலையையும் பாலத்தையும் ஒரு நாளில் எத்தனை தடவை பயன்படுத்துகிறார்கள் என்று போட்டால் போதும். அதிகப் பேருக்குப் பலன் தரும் இருபதை அதுவே பொறுக்கும். எடுத்ததற்கு நேரே ஒன்று, விட்டதற்குச் சைபர். ஆள் பார்க்காது, முகம் பார்க்காது என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள், இன்று காலை பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா ஊர்ப் பாலத்துக்குச் சைபர். வெள்ளம் அடித்துப்போன பாலம். கணக்கெடுப்பவர் 'கடப்பவர் யாருமில்லை' என்று எழுதியிருந்தார். பாலமே இல்லாத இடத்தில் எவன் கடப்பான்? அத்தானுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஆஸ்பத்திரி அக்கரையில், கண்ணுக்கெதிரே நிற்கிறது. சுற்றிப் போனால் அறுபது கிலோமீட்டர். போன மாதம் பாதி நாள் அவர் போகவே இல்லை.

இயக்குநரிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"இன்னைக்கு உங்க அக்கா, நாளைக்கு என் மச்சான் வந்து நிப்பான். புது எண்ணிக்கை வந்தா போடுங்கம்மா. அஞ்சு மணிக்குப் பட்டியல் மேல போயிடும்."

நிரலில் பாலத்தின் எண்ணிக்கையை ஏற்றி ஏற்றிப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு கடப்புகள் இருந்தால் பாலம் தேறும். கணக்கெடுப்பவரை மறுபடி ஆற்றங்கரைக்கு விரட்டிவிட்டு, அக்காவிடம் போனில் எரிந்து விழுந்தாள்.

"இருநூத்திப் பன்னெண்டு தடவ யாராவது கடந்தாத்தான்க்கா கணக்கு. நான் என்ன செய்ய?"

"திரும்பி வந்தா?"

"அதுவும் ஒண்ணுதான். கரையேறணும், அவ்வளவுதான்."

அப்படிச் சொன்ன நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும்.

மூன்று மணிக்கு அக்கா வீடியோவில் வந்தாள். பின்னால் ஊரே இடுப்பளவு தண்ணீரில் இறங்கியிருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள்.

"ஐயோ, வேண்டாம்க்கா!"

"நீ எண்ணுடி."

நாலரைக்கு நூற்றெண்பது. மேலே எங்கோ மழை போல. தண்ணீர் மார்புக்கு ஏறியது. ஒவ்வொருவராக ஓய்ந்து உட்கார்ந்தார்கள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் இருநூற்றுப் பதினொன்று. அதற்குமேல் ஒருவருக்கும் எழத் தெம்பில்லை. எழுந்தது அத்தான்தான்.

"அவரப் பிடி, அக்கா!"

"சொன்னா கேக்கறாரா? எனக்காகத்தானே எல்லாரும் நனையறாங்கன்னு இறங்கிட்டாரு."

நடு ஆற்றில் அத்தான் நின்றுவிட்டார். முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. அக்காவின் பக்கத்திலிருந்து கணக்கெடுப்பவரின் குரல் வந்தது. "கரையேறட்டும் மேடம், எழுதிக்கறேன்."

அவள் காத்திருக்கவில்லை. 212 என்று அடித்தாள். நொடியில் பாலத்துக்கு நேரே ஒன்று விழுந்தது.

"வந்தாச்சுக்கா! பாலம் வந்தாச்சு! அத்தானத் திரும்பக் கூப்பிடு!"

அக்காவின் போன் மணலில் கிடந்தது. திரையில் வானம் மட்டும் தெரிந்தது. ஊரே தண்ணீரைப் பார்த்து ஓடும் சத்தம் கேட்டது.